வீடு அழிந்தாலும் எல்லை பேசும்

அகழி என்றதும் யாழ்ப்பாணக் கோட்டையே நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நாட்டுப்புற வீடுகளைச் சுற்றியும் அகழி வெட்டினார்கள். பெரும்பாலும் 1200க்கும் 1350க்கும் இடையில் உருவான இத்தகைய வளவுகள் அங்கே 5000க்கு மேல் இனங்காணப்பட்டுள்ளன. களிமண் பிரதேசங்களிலேயே இவை அதிகம். களிமண் நீரைக் கீழே இறங்க விடாது. எனவே அகழியில் நீர் நின்றது. வீட்டு நிலத்தின் ஈரமும் அதில் வடிந்தது. கள்வருக்குத் தடை, மீன் வளர்க்க இடம், ஊரில் ஒரு மதிப்பு என்பனவும் சேர்ந்து கிடைத்தன.

அவ்வீடுகளிற் பல இன்று இல்லை. புல்வெளியின் நடுவே நாற்புறமும் ஓடும் பள்ளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அதைக் கொண்டே அங்கு ஒரு குடும்பம் வாழ்ந்ததை ஆய்வாளர் அறிகின்றனர்.

வலிகாமத்தின் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளூடாக இறங்கி நமது கிணறுகளுக்குப் போகிறது. இங்கே அகழி வெட்டினால் நீர் தங்காது. நமது வளவுக்கு அரண் உயிர்வேலியே. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியன எல்லையைக் காப்பதோடு ஆட்டுக்குக் குழையும் தோட்டத்துக்குப் பசளையும் தருகின்றன.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்களின் காணிகளில் ஒரு பகுதி, 2009இல் போர் முடிந்தபின் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டது. திரும்பிச் சென்ற பலர் கண்டது பற்றைக்காட்டையே. வீடுமில்லை, வேலியுமில்லை. என் காணி எது, அயலவர் காணி எது என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

அவ்வேளை அவசரப்பட வேண்டாம். கண்ணிவெடி அகற்றப்பட்டதை உறுதிசெய்யாமல் பற்றை வெட்டவோ மண் கிண்டவோ கூடாது. பின்னர் அயலவரையும் ஊர்ப் பெரியவர்களையும் கூட்டிச் சென்று அடையாளங்களைத் தேடுங்கள். கிணறு, வரிசையாக நிற்கும் பனை, பட்டுப்போன பூவரசின் அடிக்கட்டை, எல்லைக்கல் ஆகியன பேசும் சாட்சிகள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள். இணக்கம் வராவிடின் அனுமதி பெற்ற நில அளவையாளரை அழையுங்கள். அயலவனின் எல்லைக் குறியை ஒதுக்குவதை வேதாகமம் கண்டிக்கிறது என்பதை இரு தரப்பாரும் மனதிற் கொள்வது நல்லது.

வீடு கட்டப் பணம் சேரக் காலமெடுக்கும். கதியாலை அயலில் வெட்டி எடுக்கலாம். எல்லை தெளிவானதும், ஐப்பசி மழையோடு இரு வீட்டாரும் சேர்ந்து அதை நடுங்கள். வேலி வேர்பிடித்தால் வளவு மீண்டும் வளவாகும்.