லினக்ஸ் கணினியில் பிரிண்டர் வேலை செய்யவில்லையா? புதிது வாங்குமுன் இவற்றைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினியை வீச மனமில்லாமல், உபுண்டு, லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச இயங்குதளங்களுக்குச் சிலர் மாறி வருகின்றனர். தோட்டத்து டியூஷன் வகுப்புக்கும் ஆலய அலுவலகத்துக்கும் இது செலவில்லாத நல்ல வழி.

ஆனால், பிரிண்டர் விஷயத்தில்தான் பலர் தடுமாறுகின்றனர். நாளைக் காலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சித் தாள் வேண்டும். அச்சிடச் சொன்னால் இயந்திரம் அசையவே இல்லை. உடனே "பிரிண்டர் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இயந்திரம் நன்றாக இருந்தும் இடையில் ஏதாவது ஒன்று தடைபட்டிருக்கலாம். அது எது என்பதை வரிசையாகப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் இயந்திரம்

கணினியை மறந்துவிட்டு, பிரிண்டரிலேயே ஒரு தாளை நகல் எடுத்துப் பாருங்கள். நகல் வந்தால் மையும் இயந்திரமும் நலம். வராவிட்டால், கோளாறு லினக்ஸில் இல்லை.

அடுத்து இணைப்பு

யூஎஸ்பி கம்பியைக் கழற்றி, வேறு துளையில் செருகிப் பாருங்கள். வைஃபை பிரிண்டர் என்றால், கணினியும் பிரிண்டரும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். விருந்தினருக்கான வைஃபையில் ஒன்று இருந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று காணாமல் போகலாம். மின்தடைக்குப் பிறகு ரௌட்டர் பிரிண்டருக்கு வேறு முகவரி கொடுத்திருக்கவும் கூடும். கணினியோ பழைய முகவரிக்கே அனுப்பிக் கொண்டிருக்கும். பழைய பதிவை நீக்கிவிட்டு, பிரிண்டரை மீண்டும் சேர்த்தால் சரியாகிவிடும்.

அச்சு வரிசை

லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிப்பது 'கப்ஸ்' என்ற மென்பொருள். 1999-இல் வெளிவந்த இதையே ஆப்பிள் மேக் கணினிகளும் பயன்படுத்துகின்றன. பிரிண்டர் அணைந்திருக்கும்போது எதையாவது அனுப்பியிருந்தால், கப்ஸ் அந்த வரிசையை நிறுத்தி வைத்துவிடுவதுண்டு. பிறகு பிரிண்டரைத் திறந்தாலும் வரிசை தானாக நகராமல் இருக்கலாம்.

இணைய உலாவியின் முகவரிக் கட்டத்தில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, 631 என்று தட்டுங்கள். இதற்கு இணையச் சேவை தேவையில்லை. 'பிரிண்டர்ஸ்' பகுதியில் உங்கள் பிரிண்டரைத் திறந்து, 'மெயின்டனன்ஸ்' பட்டியலில் 'ரெசியூம் பிரிண்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால், கணினியை அமைத்தபோது கொடுத்தவற்றையே கொடுக்கலாம். தேங்கிய பழைய வேலைகளை ரத்து செய்துவிட்டு, 'பிரிண்ட் டெஸ்ட் பேஜ்' மூலம் சோதனைத் தாள் எடுங்கள். ஒரே பிரிண்டர் இரண்டு பெயர்களில் இருந்தால், எது வேலை செய்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரைவரும் தாள் அளவும்

பக்கம் பக்கமாகப் புரியாத குறிகள் வந்தால், டிரைவர் பொருந்தவில்லை என்று சந்தேகிக்கலாம். மாடல் எண்ணை ஓர் எழுத்துக்கூட விடாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். எச்பி பிரிண்டர்களுக்கு 'எச்பிலிப்' என்ற மென்பொருள் உண்டு. சில லேசர் வகைகளுக்கு அதனுடன் கூடுதல் துணைக்கோப்பு ஒன்றையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். பிரதர் நிறுவனம் தன் இணையத்தளத்திலேயே லினக்ஸ் டிரைவர்களைத் தருகிறது.

தாள் இருந்தும் "தாள் இல்லை" என்று விளக்கு மினுக்குகிறதா? அமைப்பில் 'லெட்டர்' என்ற அமெரிக்க அளவு இருக்கக்கூடும். நாம் பயன்படுத்துவது ஏ4. அதை மாற்றினால் போதும்.

பிரிண்டர் வாங்குவதென்றால், பழையதோ புதியதோ, 'ஏர்பிரிண்ட்' வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆப்பிளுக்காக வந்த வசதிதான். ஆனாலும் அத்தகைய பிரிண்டர்களில் பெரும்பாலானவை இன்றைய லினக்ஸில் தனி டிரைவர் இல்லாமலேயே இயங்கும்.

எல்லாம் சரியானதும், மாடல் எண்ணையும் நீங்கள் செய்ததையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி பிரிண்டரின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். வகுப்பு நடத்த அடுத்து வருபவர் தேர்வுக்கு முந்திய இரவில் திண்டாட மாட்டார்.