உணர்வு நுண்ணறிவும் அன்றாடக் கோபமும்

"எவ்வளவு திட்டினாலும் சிரிச்சிட்டே போவார், ரொம்பப் பக்குவம்" என்று சிலரைப் பாராட்டுவோம். இந்தப் பக்குவத்துக்கே இப்போது எமோஷனல் இன்டெலிஜென்ஸ், அதாவது உணர்வு நுண்ணறிவு என்று பெயர் வைத்துவிட்டோம். ஆனால் உளவியலில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு.

1990-ல் பீட்டர் சாலோவே, ஜான் மேயர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இந்தக் கருத்தை வரையறுத்தார்கள். 1995-ல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம் அதை உலகமெங்கும் பரப்பியது. 1997-ல் மேயரும் சாலோவேயும் அதை நான்கு திறன்களாகப் பிரித்தார்கள்: உணர்வைக் கண்டுகொள்வது, அதைச் சிந்தனைக்குப் பயன்படுத்துவது, அது ஏன் வந்தது என்று புரிந்துகொள்வது, அதைக் கையாள்வது. கையாள்வது நாலாவதாகத்தான் வருது. முதல் மூன்றைத் தாண்டி நேரா அங்கே குதிக்கிறவர்கள்தான் நம்மில் அதிகம்.

ஒரு உதாரணம். சென்னீர்குப்பத்தில் குடியிருந்துகொண்டு, அம்பத்தூர் பக்கம் ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க யார் யாரோ திட்டுறாங்க. இவர் "சாரி சார்" சொல்லணும். சம்பளத்துக்காக முகத்தையும் குரலையும் இப்படி அடக்குவதைத்தான் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1983-ல் 'உணர்ச்சி உழைப்பு' என்றார். சாயங்காலம் பூந்தமல்லி–ஆவடி சாலை நெரிசலில் நின்று வீட்டுக்கு வருகிறார். பிள்ளை தண்ணியைக் கொட்டிவிடுகிறது. பளார்னு ஒரு அறை!

உணர்ச்சி எழுந்து வெளிப்படும் வழியில் ஐந்து இடங்களில் நாம் குறுக்கிடலாம் என்கிறது ஜேம்ஸ் கிராஸ் 1998-ல் தந்த விளக்கம். சூழலைத் தேர்ந்தெடுக்கலாம், வந்த சூழலை மாற்றலாம், கவனத்தைத் திருப்பலாம், "வேணும்னு கொட்டல, கை தவறிடுச்சு" என்று வேறு விதமாகப் பார்க்கலாம், கடைசியாக, பொங்கியதைப் பல்லைக் கடித்து அடக்கலாம். நம்ம ஆள் அலுவலகத்தில் நாள் முழுக்கச் செய்தது இந்தக் கடைசி வேலையை. முதல் இரண்டும் அங்கே அவர் கையில் இல்லை. திட்டுகிறவரின் போனை அவர் வைக்க முடியாது.

அடக்கினால் முகத்தில் தெரியாது, ஆனால் உள்ளே வேதனை குறைவதில்லை. உடம்புக்கும் கூடுதல் சுமை. 2003-ல் எமிலி பட்லர் குழு செய்த சோதனையில், ஒருவர் உணர்ச்சியை மறைத்துப் பேசியபோது எதிரில் இருந்தவரின் ரத்த அழுத்தமும் ஏறியது. அதே பட்லர் 2007-ல் செய்த ஆய்வில், ஆசிய மரபு மதிப்புகளை ஏற்றவர்களிடம் இந்தப் பாதிப்பு குறைவாக இருந்தது. அதனால் பெரியவங்க முன்னாடி அடங்கிப் போவதெல்லாம் கெடுதல்னு சொல்லிவிட முடியாது. எந்நேரமும் அது ஒன்றே வழி என்றாகும்போதுதான் சிக்கல்.

அப்போ உணர்வு நுண்ணறிவு எங்கே உதவுது? சீக்கிரமே கண்டுகொள்வதில். "கடுப்பா இருக்கு" என்ற ஒரே சொல்லுக்குள் பசி, களைப்பு, அவமானம், பயம் எல்லாம் ஒளிந்திருக்கும். எது என்று தெரிந்தால்தான் மருந்து தெரியும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் வெகுளியை வேறாகவும் இளிவரலை வேறாகவும் வைக்கிறது. இளிவரல் பிறக்கும் இடங்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. அறைந்த கையில் இருந்தது கோபம் மாதிரி தெரிந்தாலும், உள்ளே இருந்தது இளிவரல்தான். உணர்வுக்குப் பெயர் சொல்லும்போது மூளையின் அமிக்டலா பகுதியில் செயல்பாடு தணிவதை மேத்யூ லீபர்மன் குழு 2007-ல் காட்டியது.

வாசலிலேயே, "இன்னைக்கு நிறைய திட்டு வாங்கிட்டேன், மனசு சரியில்ல, பத்து நிமிஷம் குடுங்க" என்று அவர் சொல்லியிருந்தால்? உணர்வுக்குப் பெயர் கிடைத்திருக்கும், சூழலும் மாறியிருக்கும். வீட்டில் இருப்பவர்களுக்கும் இது தங்கள் மேல் வந்த கோபம் இல்லை என்று புரிந்திருக்கும்.

அந்தப் பத்து நிமிஷத்தை வீடு தரணும். ஒரு மோசமான அழைப்புக்குப் பிறகு இரண்டு நிமிஷமாவது எழுந்து நடக்க நிறுவனமும் விடணும். இரண்டும் இல்லாமல் "உணர்வைக் கட்டுப்படுத்தக் கத்துக்கோ" என்று அவருக்கு மட்டும் வகுப்பு எடுத்தால், அடுத்த அறையும் அந்தப் பிள்ளைக்குத்தான்.