எட்டும் நாலும் சேர்ந்தால் எத்தனை?

போன தை மாதம், பொங்கல் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மாள் தன் மகனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து நின்றார். நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். வீட்டுக்காரர் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். பையன் பாலிடெக்னிக்கில் முதலாம் ஆண்டு.

"அண்ணாச்சி, இவன் ஸ்பீக்கர் பெட்டியை எரிச்சுப்போட்டான்னு சொல்லுதாங்க. ஒன்பதாயிரம் கேக்காங்க. நீங்க கரண்டு வேலை தெரிஞ்சவுக, ஒரு வார்த்தை பாத்துச் சொல்லணும்" என்றார். பையன் தலை நிமிரவில்லை.

விஷயம் இதுதான். நகரில் ஒரு பொங்கல் விழா, திறந்தவெளி மேடை. மெல்லிசைக் குழுவில் இவன் பேஸ் கிடார். கிடாரும் கையடக்கமான புது ஆம்ப்ளிபயரும் இவனுடையவை. மாமன்காரர் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் வாடகைக்கு எடுத்தவை. மூன்றாவது பாட்டில் சத்தம் நின்று நின்று வந்தது. ஐந்தாவது பாட்டில் பெரிய பெட்டியிலிருந்து கருகிய வாசனை. அத்துடன் பேஸ் போயிற்று. "பையன் வால்யூமை ஏற்றிவிட்டான்" என்று எல்லோரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் கிடாரைத் தொடவில்லையாம்.

நான் இசைவாணன் அல்ல. நாகர்கோவிலில் டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புப் பிரிவில் சேர்ந்தவன். 1979 அக்டோபர் 2-ஆம் தேதி திருவனந்தபுரம் கோட்டம் பிறந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நான் தம்பானூருக்கு வந்தேன். ஒலிபெருக்கி என்றால் எனக்குத் தெரிந்தது பிளாட்பாரத்தில் வண்டி வருகையை அறிவிப்பதுதான். அங்கே கணக்கு மிகச் சுலபம். ஆம்ப்ளிபயரிலிருந்து 100 வோல்ட் லைன் கிளம்பும். ஒவ்வொரு ஒலிபெருக்கியின் முதுகிலும் ஒரு குட்டி டிரான்ஸ்பார்மர் இருக்கும். இது 10 வாட், அது 15 வாட் என்று கூட்டிக்கொண்டே போகலாம். கூட்டுத்தொகை ஆம்ப்ளிபயரின் வாட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். நமது ஊர் மைக்செட்காரர்களில் பலர் இந்தக் கூட்டல் கணக்கில்தான் பழகியவர்கள். குற்றம் சொல்ல முடியாது. பேச்சுக்கும் பஜனைக்கும் அது போதுமானது.

பேஸ் கிடார் வேறு ஜாதிப் பிராணி. ஆண் குரல் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் அருகில் தொடங்குகிறது. நாலு கம்பி பேஸ் கிடாரின் அடிக்கம்பியோ விநாடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. ஐந்து கம்பிக் கிடாரென்றால் 31. அந்தக் கட்டையை ஹார்ன் ஸ்பீக்கர் உச்சரிக்கவே செய்யாது. லைன் டிரான்ஸ்பார்மரோ அந்த இடத்தில் திணறிவிடும். ஆகவே பேஸுக்கு டிரான்ஸ்பார்மர் இல்லாமல், ஆம்ப்ளிபயரிலிருந்து நேராகப் பெட்டிக்குக் கம்பி போகிறது. அங்கே கூட்டல் செல்லாது, ஓம் விதிதான் செல்லும்.

பையனையும் கூட்டிக்கொண்டு அந்த வாடகைக் கடைக்கே போனேன். எரிந்த பெட்டியில் 15 அங்குல ஸ்பீக்கர். கூம்பை இரு கைகளாலும் மெல்ல அழுத்தினேன், கரகரவென்று உரசியது. மல்டிமீட்டர் வைத்தால் முள் அசையவில்லை, காயில் அறுந்துவிட்டது. எட்டுத் திருகாணியைக் கழற்றி ஸ்பீக்கரை வெளியே எடுத்தபோது காந்தத்தின் முதுகில் மங்கலாக எழுதியிருந்தது: 4 ஓம், 150 வாட். அடுத்த பெட்டி புதிது. இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர், 8 ஓம், 300 வாட். அன்று இதற்கு ஜோடியான பெட்டி வேறொரு கோயில் கானமேளாவுக்குப் போய்விட்டதால், கிடங்கிலிருந்த பழைய பெட்டியை அனுப்பியிருக்கிறார்கள். பையனின் ஆம்ப்ளிபயரைத் திருப்பிப் பார்த்தேன். 4 ஓமில் 500 வாட், 8 ஓமில் 250 வாட், குறைந்தபட்சம் 4 ஓம் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது.

எனக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. கடையில் மாட்டியிருந்த தினசரி நாள்காட்டியில் முந்தின நாள் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வாசகர்களும் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளலாம்.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஓம் என்பது இம்பீடன்ஸ். அது ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும். நம் வசதிக்கு மின்தடை என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு பெட்டிகளை இணைப்பாக, அதாவது ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகச் சேர்த்தால் ஓம் கூடாது, குறையும். எட்டும் எட்டும் சேர்ந்தால் நாலு. எட்டும் நாலும் சேர்ந்தால் பன்னிரண்டு அல்ல, 2.67. ஆம்ப்ளிபயர் தாங்கும் எல்லை 4. அதைவிடக் குறைந்தால் அது அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைத் தள்ளப் பார்க்கும், பாதுகாப்புச் சுற்று குறுக்கிட்டு வாயை மூடும், பிறகு திறக்கும். சத்தம் நின்று நின்று வந்ததன் காரணம் இதுவே. பையன் கை வைத்ததனால் அல்ல.

இதைவிட அநியாயமான ஒன்று இருக்கிறது. இணைப்பாகச் சேர்த்த இரண்டு பெட்டிகளுக்கும் வோல்ட் ஒன்றே. வாட் என்பது வோல்ட்டின் இருமடி வகுத்தல் ஓம். இந்த ஆம்ப்ளிபயர் உச்சத்தில் சுமார் 45 வோல்ட் கொடுக்கும். 45-ஐ 45-ஆல் பெருக்கினால் 2025. அதை எட்டால் வகுத்தால் 253 வாட்; 300 வாட் தாங்கும் புதுப் பெட்டிக்குக் கிடைப்பது இது. நாலால் வகுத்தால் 506 வாட். 150 வாட் தாங்கும் கிழட்டுப் பெட்டியின் தலையில் விழுவது அது! ஆம்ப்ளிபயர் மூச்சுத் திணறி இதில் பாதியே கொடுத்திருந்தாலும் பழையதற்கு 250 வாட். பலசாலி சும்மா நிற்க, பலவீனன் இரட்டைச் சுமை தூக்கியிருக்கிறான். பழைய பாலத்தில் வேகக் கட்டுப்பாடு போடாமல் எக்ஸ்பிரஸை விட்ட கதை.

அன்று இன்னொன்றும் நடந்திருக்கிறது. திறந்தவெளியில் பேஸ் எடுபடவில்லை என்று மேடையருகில் நின்ற யாரோ சொல்ல, பேஸ் குமிழைக் கொஞ்சம் திருகியிருக்கிறான். "கொஞ்சம்தான் மாமா" என்றான். 6 டெசிபல் ஏற்றினால் அந்த அடிக்கட்டையில் வாட் நாலு மடங்கு ஆகிறது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? இதில் அவன் பங்கும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் ஒழுங்கான ஜோடியாக இருந்திருந்தால் இரு பெட்டிகளுக்கும் ஆளுக்கு 250 வாட் போயிருக்கும். இரண்டும் 300 வாட் தாங்குபவை.

கடைக்காரர் நாள்காட்டித் தாளை வெகுநேரம் பார்த்தார். நியாயமான மனிதர். காயிலும் கூம்பும் மாற்றும் செலவில் பாதியைத் தானே ஏற்பதாகச் சொன்னார். மீதியை விழாக்குழுவினர் ஏற்றுக்கொண்டனர், கொஞ்சம் முணுமுணுப்புடன்.

இந்தச் சிக்கல் உலகத்தில் புதிதல்ல. லியோ ஃபெண்டர் 1951-இல் மின்சார பேஸ் கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நெடுநாள் அதற்குத் தகுந்த ஆம்ப்ளிபயர் இல்லை. 1969-இல் அமெரிக்காவின் ஆம்பெக் கம்பெனி எஸ்.வி.டி. என்ற 300 வாட் ஆம்ப்ளிபயரைச் செய்தது. பதினாலு வால்வு, எடை சுமார் 40 கிலோ. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அந்த ஆண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு அதைத்தான் எடுத்துச் சென்றது. அதனுடன் ஒரு பெட்டியில் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் வைத்துச் செய்தார்கள். ஆனால் அக்காலத்து ஸ்பீக்கர்களால் ஒரு பெட்டி 240 வாட்தான் தாங்கியது. ஆகவே ஒன்றுக்கு இரண்டு பெட்டியாகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரும் 32 ஓம். எட்டும் இணைப்பாகச் சேர்ந்து 4 ஓம். இரண்டு பெட்டியும் சேர்ந்து 2 ஓம். ஆம்ப்ளிபயரிலும் 2 ஓமுக்கென்று தனி ஏற்பாடு. ஒன்றுபோல் இரண்டு பெட்டி, சுமை சரிபாதி. எஞ்சினியரிங் என்றால் இதுவல்லவா! ஒரு வித்தியாசம் சொல்லவேண்டும்: வால்வு ஆம்ப்ளிபயருக்கு ஓம் பொருந்தியே ஆகவேண்டும், பெட்டி இணைக்காமல் ஓட்டவே கூடாது. இன்றைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயருக்கு ஓம் கூடினால் வாட் குறையுமே தவிர ஆபத்தில்லை. எல்லைக்குக் கீழே குறைவதுதான் ஆபத்து.

நம் வீடுகளில் பிள்ளைகள் பேஸ் வாசிக்க ஆசைப்படுவது அதிகமாகிவிட்டது. இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிடார் தனியாகவே ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்; அதைக் கேட்டு வளர்ந்த தகப்பன்மார்தான் இன்று கிடார் வாங்கிக் கொடுக்கிறார்கள். இரண்டு கிலோ எடையில் 500 வாட் என்று ஆம்ப்ளிபயர் வருகிறது. அந்த 500 பெரும்பாலும் 4 ஓமுக்கான கணக்கு. ஒரே ஓர் 8 ஓம் பெட்டியை மாட்டிவிட்டு, சத்தம் போதவில்லை, ஏமாற்றிவிட்டான் என்று கடையில் சண்டை போடுவதில் பயனில்லை. என் யோசனை: முதலில் 8 ஓம் பெட்டி ஒன்று வாங்குங்கள். பின்னால் அதே மாதிரி இன்னொன்று வாங்கிச் சேர்த்தால் 4 ஓம், கணக்குச் சரியாகிவிடும். முதலிலேயே 4 ஓம் பெட்டி வாங்கினால் இரண்டாவதற்கு இடமே இல்லை.

இரட்டை வாட் ஆம்ப்ளிபயர் வாங்கினால் சத்தம் இரட்டிக்காது. 3 டெசிபல்தான் கூடும், காது அதைச் சிறிய ஏற்றமாகவே உணரும். இரட்டிப்பாகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். அதே பணத்துக்கு இரண்டாவது பெட்டி வாங்கினால் ஆம்ப்ளிபயரும் கூடுதலாகத் தள்ளும், காற்றைத் தள்ளும் கூம்பும் இரட்டிக்கும். அடிக்கட்டையில் 6 டெசிபல் வரை கிடைக்கலாம்.

பெட்டியில் போட்டிருக்கும் வாட்டிலும் தந்திரம் உண்டு. தொடர்ந்து தாங்குவது 300 என்றால், புரோகிராம் 600, பீக் 1200 என்று மூன்று எண் எழுதுவார்கள். விளம்பரத்தில் வருவது எப்போதும் கடைசி எண். முதல் எண்ணையே நம்பவேண்டும். ஆம்ப்ளிபயர் அதற்குச் சமமாக இருந்தால் நிம்மதி. கொஞ்சம் கூடினாலும் வாசிப்பவன் நிதானமானவனாக இருந்தால் பாதகமில்லை. சிறிய ஆம்ப்ளிபயர் என்றால் பத்திரம் என்பதும் முழு உண்மையல்ல. அதைத் திணறத் திணற ஓட்டினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். முழுதும் வெட்டுப்பட்ட அலையில் அதே உயரமுள்ள ஒழுங்கான அலையைப்போல் இரண்டு மடங்கு வாட் இருக்கும். முதலில் கருகுவது சின்ன ட்வீட்டர்.

சூடு ஒன்றே சாவுக்குக் காரணம் என்றும் நினைக்கவேண்டாம். முன்பக்கம் துவாரமுள்ள பெட்டியில், அது சுருதி சேர்த்த கட்டைக்குக் கீழே போனால் கூம்புக்குக் காற்றின் பிடிமானம் போய்விடும். வாட் எல்லைக்குள் இருக்கும்போதே கூம்பு துள்ளிக் கிழியும். ஐந்து கம்பிக் கிடார்காரர்கள் 35 ஹெர்ட்ஸ் அருகில் வெட்டும் வடிகட்டி வைத்துக்கொள்வது நல்லது.

கம்பியைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. 1.5 சதுர மி.மீ. செப்புக் கம்பி 30 மீட்டர் இழுத்தால், போக வர 60 மீட்டர், சுமார் 0.7 ஓம். 4 ஓம் பெட்டிக்கு அனுப்பும் சக்தியில் ஏறத்தாழ 15 சதவீதம் கம்பியைச் சூடாக்கவே போய்விடும். ஆம்ப்ளிபயரைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். இரண்டு சானல் ஆம்ப்ளிபயரில் 'பிரிட்ஜ்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். (ரயில்வேக்காரனுக்குப் பிரிட்ஜ் என்றாலே ஒரு பயம்.) அதைப் போட்டால் ஒவ்வொரு சானலுக்கும் பெட்டியின் ஓம் பாதியாகத்தான் தெரியும்: 4 ஓம் பெட்டி 2 ஓமாக. ஆம்ப்ளிபயரின் முதுகைப் படிக்காமல் அந்தச் சுவிட்சைத் தொடக் கூடாது.

இதற்கெல்லாம் பெரிய கருவி வேண்டாம். ஒரு சாதாரண மல்டிமீட்டர். பெட்டியைக் கழற்றிவிட்டு அளந்தால் 8 ஓம் பெட்டி ஏறத்தாழ 6 காட்டும், 4 ஓம் பெட்டி 3 அல்லது 3.5. ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பாசிட்டிவ் முனையில் பாசிட்டிவ் வைத்தால் கூம்பு வெளியே வரவேண்டும். ஒரு பெட்டியில் வெளியேயும் மற்றதில் உள்ளேயும் போனால் இரண்டின் பேஸும் ஒன்றையொன்று தின்றுவிடும். பிறகு சத்தம் போதவில்லை என்று குமிழைத் திருகி மறுபடி பெட்டியை எரிப்பீர்கள். பையனுக்கு இவற்றையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். என் பழைய மீட்டரையும் அவனிடமே கொடுத்துவிட்டேன்.

மாசியில் ஒரு கோயில் திருவிழாவில் அவனுக்கு மறுபடி மேடை கிடைத்தது. அன்று மாலை நாலு மணிக்குப் போன் வந்தது.

"மாமா, ரெண்டு பெட்டியும் ஆறு காட்டுது. பேட்டரி வச்சுப் பார்த்தேன், ஒண்ணு தலைகீழா இருந்துது. மாத்திட்டேன். அம்மாவும் வாறாங்க. எட்டு மணிக்கு, நீங்களும் வாங்க."