நறுக்குறவன் கடைசியா எடு!



எங்க வீட்டில் நாலு பிள்ளைகள். ஒரு மாம்பழம் வந்தால் சண்டைதான். ஒருநாள் அம்மா சட்டம் போட்டாங்க: "நறுக்குறவன் கடைசியாத்தான் எடுக்கணும்." அன்றிலிருந்து துண்டுகள் எல்லாம் வெர்னியர் வைத்து அளந்தது போல இருக்கும்!

பள்ளிக்கூடம் போகாத அம்மா சொன்ன இதே யுக்தியை, ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1971-ல் வெளிவந்த 'எ தியரி ஆஃப் ஜஸ்டிஸ்' நூலில் கேக்கை வைத்து விளக்குகிறார். சமுதாயத்துக்கு விதி எழுத அவர் சொல்லும் வழி என்ன?

ஒரு திரை இருப்பதாக நினைத்துக் கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் நிற்கும் வரை நாம் பணக்காரனா ஏழையா, எந்த இனம், புத்தி எவ்வளவு, உடல் வலு எவ்வளவு என்று எதுவுமே நமக்குத் தெரியாது. அப்போது விதி எழுதச் சொன்னால் யாரும் தனக்கு மட்டும் சாதகமாக எழுத முடியாது. கடைசித் துண்டு நம் கைக்கே வரலாமே!

அப்படி எழுதினால் இரண்டு விதிகள் வரும் என்கிறார் ரால்ஸ். ஒன்று, அடிப்படைச் சுதந்திரங்கள் எல்லோருக்கும் சமம். இரண்டு, ஏற்றத்தாழ்வு இருக்கலாம். ஆனால் பதவிகளை அடைய எல்லோருக்கும் நியாயமான வாய்ப்பு வேண்டும், அந்த ஏற்றத்தாழ்வால் கடைசியில் நிற்பவனுக்கே அதிக நன்மை கிடைக்க வேண்டும்.

அதே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் நோசிக் 1974-ல் இதை மறுத்தார். ஒரு கூடைப்பந்து வீரரின் ஆட்டம் பார்க்க லட்சக்கணக்கானோர் தாங்களாகவே ஆளுக்கு 25 சென்ட் தருகிறார்கள். அவர் பணக்காரர் ஆகிறார். யாரையும் ஏமாற்றவில்லையே, அதில் கைவைப்பது என்ன நியாயம் என்றார். நல்ல கேள்விதான்!

இதே கேள்வி ஹாஸ்டலிலும் வரும்: "மார்க் எடுத்தவனுக்குத்தானே சீட்டு? சலுகை எதுக்குடா?" முன்பெல்லாம் எனக்கு வாயடைத்துப் போகும். ரால்ஸைப் படித்த பிறகு பதில் கிடைத்தது. பிறந்த வீட்டையும் பிறவித் திறமையையும் யாரும் உழைத்துச் சம்பாதிக்கவில்லை. முயற்சி செய்யும் மனசுகூட வீட்டுச் சூழலைப் பொறுத்தது என்கிறார் அவர்.

உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வெர்னியரில் அளக்கும் முன் 'ஜீரோ எரர்' பார்க்கிறோமே, அதைக் கழிக்காமல் எழுதிய அளவு சரியாகுமா? மனிதனை அளக்கும்போது மட்டும் ஏன் அதை மறக்கிறோம்?

நண்பர்களே, நாளை நாமும் வேலை தருகிற இடத்தில் உட்காரலாம். நறுக்கும் கத்தி நம் கைக்கு வரும்போது, கடைசித் துண்டு நமக்கு என்று நினைத்தே நறுக்குவோம்!