நீரினின்று வானுக்கு

கோலா மீன் கடலினின்று துள்ளி எழுந்து, சிறகுபோன்ற துடுப்புகளை விரித்துக் காற்றில் மிதந்து செல்வதைக் கப்பற்பயணம் செய்தோர் கண்டிருப்பர். மீனுக்கு எளிதாகத் தோன்றும் இச்செயல் மனிதன் ஆக்கிய ஊர்திக்கு எளிதன்று. இதனை அமெரிக்கக் கடற்படை 1989ஆம் ஆண்டில் நன்கு உணர்ந்தது.

அவ்வாண்டு மார்ச் 21ஆம் நாள், புளோரிடாவை அடுத்த கடலில் 'டென்னஸி' என்னும் நீர்மூழ்கிக் கப்பல், 'டிரைடண்ட் 2' ஏவுகணையை நீருக்கடியிலிருந்து முதன்முறையாகச் செலுத்திற்று. 13 மீட்டருக்கு மேல் நீளமும் சுமார் 59 டன் எடையும் கொண்ட அக்கணை வெளிவந்தது, பொறியும் பற்றியது. ஆனால், சுமார் 4 வினாடிகளில் சக்கரம்போற் சுழன்று அழிந்தது. தரையிலிருந்து பன்முறை வெற்றியுடன் பறந்த கணை நீரிலிருந்து வந்தபோது மட்டும் தவறுவானேன்?

கப்பலுக்குள்ளேயே பொறி பற்றினால் கப்பலுக்குக் கேடு விளையும். ஆதலால் நீராவியின் அழுத்தத்தால் கணை குழாயினின்று வெளியே தள்ளப்படும். காற்றுவெளிக்கு வந்த பின்னரே பொறி பற்றும். இடைப்பட்ட அச்சிறு பொழுதில் கணை இருவேறு உலகங்களைக் கடக்கிறது.

நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியுடையது. ஆழம் 10 மீட்டர் கூடுந்தோறும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடும். கணையின் முனை வெளிவந்ததும் அப்பகுதிக்கு நீரின் தடையும் இல்லை, மிதப்புவிசையும் இல்லை. பின்பகுதியோ இன்னும் நீரின் பிடியில் இருக்கும். அவ்வேளையில் அலையொன்று பக்கவாட்டில் தள்ளினால் கணை சாயும். விரைவின் காரணமாக அதன் பக்கங்களில் அழுத்தம் குறைந்து குமிழிகள் தோன்றுவதும் உண்டு. அவை மேற்பரப்பை அடைகையில் திடீரென உடைந்து உடலை அதிர்ச்செய்யும்.

1989இல் கேடு விளைத்தது வேறொன்று. மேலெழும் பொருள் தன் பின்னே நீரையும் இழுத்துக்கொண்டு எழும். அந்நீர்த்தூண் எதிர்பார்த்ததைவிட உயரமாக எழுந்து, பொறி பற்றும் நொடியில் அதன் வாயினுள் இருந்தது. வெளிப்பட்ட வாயுவின் போக்கு மாறவே, கணை நிலைதவறிற்று. தக்க மாற்றங்கள் செய்யப்பட்டபின் 1990ஆம் ஆண்டில் அது பணிக்கு வந்தது.

இதனை வகுப்பிலேயே காட்டலாம். ஒரு வாளி நீரில் தட்டையான அடியுடைய மரக்கட்டையை முழுக அமிழ்த்தி, சட்டென நேரே மேலிழுத்தால், நீர் அதன் அடியைத் தொடர்ந்து எழுந்து பின் விழுவதை மாணவர் காண்பர். மெல்ல இழுத்தால் அவ்வாறு எழாது. விரைவே இதற்குக் காரணம் என்பதை அவர்களே கூறுவர்.

கோலா மீனோ இவ்விடரை வேறுவிதமாக வெல்கிறது. உடல் முழுதும் காற்றில் வந்த பின்னும், அதன் வாலின் நீண்ட கீழ்மடல் நீரிலேயே துடித்து உந்துகிறது. விரைவு போதிய அளவு கூடிய பின்னரே அது நீரை விட்டு நீங்குகிறது. மனிதன் நீரை உடனே உதற முயல்கிறான்; மீன் அதனையே இறுதிவரை துணையாகக் கொள்கிறது.