பேட்டரி கார் பிரேக் விளக்கு

பேட்டரி கார் பிரேக் விளக்கு என்பது மின்கலத்தால் இயங்கும் சிறு பயணியர் வண்டியில், ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது பின்புறம் எரியும் சிவப்பு விளக்கு ஆகும். கோல்ஃப் திடல்களில் புழங்கிய இவ்வகை வண்டி இந்தியாவில் தொடருந்து நிலையங்கள், மருத்துவமனைகள், தொழிற்சாலை வளாகங்கள் ஆகியவற்றில் பயன்படுகிறது. பல வண்டிகளில் கடைசி இருக்கை பின்னோக்கி இருக்கும். பின்னால் வரும் வண்டி மோதினால் முதலில் அடிபடுவது அதில் அமர்ந்திருப்பவரின் கால்களே.

அமைப்பு

மோட்டாருக்குப் பெரும்பாலும் 48 வோல்ட் மின்கல அடுக்கும், விளக்குகளுக்கு 12 வோல்ட்டும் தேவை. இடையிலுள்ள கன்வெர்ட்டர் மின்னழுத்தத்தைக் குறைக்கிறது. அங்கிருந்து மின்சாரம் ஃபியூஸ், பிரேக் மிதியின் சுவிட்ச், பல்பு, எர்த் கம்பி என்ற வரிசையில் செல்கிறது. பரவலான இரட்டை இழை பல்பில் 5 வாட் இழை பின்விளக்காகவும் 21 வாட் இழை பிரேக் விளக்காகவும் எரியும். எனவே பின்விளக்கு எரிவதைக் கொண்டு பிரேக் இழையும் நன்றாக உள்ளது என்று கொள்ள முடியாது.

பழுதறிதல்

- வண்டியின் எந்த விளக்கும் எரியவில்லை: கன்வெர்ட்டரில் 12 வோல்ட் வெளிவருகிறதா என மல்டிமீட்டரால் பார்க்க வேண்டும்.
- பிரேக் விளக்குகள் இரண்டும் மட்டும் எரியவில்லை: ஃபியூஸ் அல்லது மிதி சுவிட்ச். சுவிட்சின் இரு கம்பிகளையும் இணைத்தால் விளக்கு எரியுமானால் பழுது சுவிட்சில் உள்ளது.
- ஒன்று மட்டும் எரியவில்லை: அந்தப் பல்பு, அதன் ஹோல்டர் அல்லது எர்த்.
- மங்கலாக எரிகிறது, அல்லது பிரேக்கை மிதித்தால் வேறு விளக்கும் மினுக்குகிறது: எர்த் இணைப்பு சரியில்லை.
- எப்போதும் எரிகிறது: சுவிட்ச் இடம் மாறியுள்ளது, அல்லது மிதி முழுதாக மேலே திரும்பவில்லை. பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தோல் தொழிற்பகுதியில்

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பகுதியின் தோல் தொழிற்சாலைகளுக்குப் பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிடப்பட்டு வருகிறது. சிதறும் உப்பும் கழுவும் நீரும் சேர்ந்தால் செம்பு, இரும்பு இணைப்புகள் விரைவில் அரிக்கும். ஈய-அமில மின்கலத்தின் அமில ஆவியும் இதைச் செய்யும். ஆகவே இத்தகைய வளாகங்களில் ஓடும் வண்டிகளில் பல்பை மாற்றும் முன் எர்த் இணைப்பைக் கழற்றி, பச்சையோ வெண்மையோ படிந்திருந்தால் சுரண்டி, இறுக்கி, கிரீஸ் தடவுவது நல்லது.

கவனிக்க வேண்டியவை

இணைப்புகளைக் கழற்றும் முன் சாவியை அணைத்து, மின்கல அடுக்கின் முதன்மை இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அடிக்கடி எரியும் ஃபியூஸுக்குப் பதில் அதிக ஆம்பியர் ஃபியூஸோ கம்பியோ போட்டால் வயர் தீப்பிடிக்கலாம். கன்வெர்ட்டர் பழுதானால் அடுக்கின் ஒரே மின்கலத்திலிருந்து 12 வோல்ட் எடுப்பதும் தவறு. அந்த மின்கலம் மற்றவற்றுக்கு முன்பே தீர்ந்து முழு அடுக்கையும் பாதிக்கும்.

சில வண்டிகளில் ஆக்சிலேட்டரை விட்டதுமே மோட்டார் வேகத்தைக் குறைக்கும். மிதி சுவிட்சை மட்டும் நம்பிய விளக்கு அப்போது எரியாது. அவ்வண்டிகளில் நிறுத்தும்போது பிரேக்கை இலேசாக மிதிப்பது பின்வருவோருக்கு எச்சரிக்கையாகும்.