மேசைமேல் ஒரு தொழிற்சாலை

மாம்பழக் கூழுக்குப் பெயர்பெற்ற சித்தூரும், திருமலையின் அடிவாரமான திருப்பதியும் இன்று தொழில் வட்டாரங்களாகவும் அறியப்படுகின்றன. கரகம்பாடியில் அமர ராஜா மின்கல ஆலை. சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டியில் வாகனம், குளிரூட்டி, சாக்லேட் ஆலைகள். இவற்றின் வாயிலை நாடும் இளைஞர்களிடம் பட்டயச் சான்றிதழ் உண்டு; ஓடுகின்ற உற்பத்தி வரிசையைத் தொட்டுப் பழகிய அனுபவம் பெரும்பாலும் இல்லை. கற்பவருக்காக எந்த ஆலையும் தன் வரிசையை நிறுத்தி வைக்க இயலாது. இந்த இடைவெளியைக் குறைந்த செலவில் நிரப்ப வல்லது, மேசைமேல் அமைக்கப்படும் மாதிரி உற்பத்தி வரிசை.

இவ்வரிசையின் மூளை, பி.எல்.சி. எனப்படும் நிரல்வழிக் கட்டுப்பாட்டுக் கருவி. முன்பு இவ்வேலையை அலமாரி நிறைந்த ரிலேக்கள் செய்தன. கார் மாதிரி மாறும்போதெல்லாம் கம்பிகளைப் பிரித்து மீண்டும் இணைக்க வேண்டியிருந்தது. இதற்கு மாற்று வேண்டுமென 1968-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் கோரியது. அதன் விளைவே டிக் மோர்லி குழுவினர் உருவாக்கிய மோடிகான் 084. கம்பிகளுக்குப் பதிலாக நிரலை மாற்றினால் போதும் என்ற நிலை வந்தது.

தேவையான பொருள்கள்

பி.வி.சி. குழாயில் இரு உருளைகள், அவற்றின்மேல் ரெக்சின் பட்டை, அதை இழுக்க 24 வோல்ட் கியர் மோட்டார், பொருளின் வருகையை அறிய இரு சென்சார்கள், குறையுள்ள பொருளைத் தள்ள ஒரு சோலினாய்டு, சில ரிலேக்கள், பொத்தான்கள், விளக்குகள். ஆலைகளின் கட்டுப்பாட்டுச் சுற்றுகளிலும் 24 வோல்ட் வழக்கமாதலால் இப்பயிற்சி அப்படியே கைகொடுக்கும். செலவில் பெரும்பங்கு பி.எல்.சி.க்கே. அதை வாங்க இயலாதோர், கட்டணமின்றிக் கிடைக்கும் ஓப்பன் பி.எல்.சி. மென்பொருளை ஆர்டுயினோ பலகையில் ஏற்றித் தொடங்கலாம்.

இரு சாவிகளின் தர்க்கம்

நிரல் ஏணிப்பட வடிவில் வரையப்படுகிறது. நம் வங்கியின் பெட்டக அறை, இரு அலுவலர்களின் சாவிகளும் சேர்ந்தால்தான் திறக்கும். ஏணியின் ஒரு படியில் இரு தொடர்புகளை அடுத்தடுத்து வைப்பதும் அத்தகையதே. 'பொருள் வந்துவிட்டது', 'காப்பு மூடி சாத்தியுள்ளது' ஆகிய இரண்டும் மெய்யானால் மட்டுமே தள்ளுகோல் நகரும். உள்ளீட்டைப் படித்தல், நிரலைச் செயற்படுத்தல், வெளியீட்டை மாற்றுதல் என்ற சுற்று சில மில்லி விநாடிகளில் முடிந்து மீண்டும் தொடங்கும்.

அவசர நிறுத்தப் பொத்தானை மட்டும் நிரலிடம் ஒப்படைத்தல் ஆகாது. அது மோட்டாருக்கான மின்சாரத்தை நேராகத் துண்டிக்க வேண்டும். இயல்பில் மூடிய தொடர்பாக அது அமைந்தால், அதன் கம்பி அறுந்தாலும் வரிசை நின்றுவிடும்.

வரிசை ஓடத் தொடங்கியபின் உண்மைப் பயிற்சி ஆரம்பமாகிறது. ஒருவர் சென்சாரை மறைக்கட்டும் அல்லது ஒரு கம்பியைக் கழற்றட்டும். மற்றவர் கருவியின் உள்ளீட்டு விளக்குகளைப் பார்த்துப் பழுதைக் கண்டறியட்டும். நின்ற வரிசையை விரைந்து ஓட்டத் தெரிந்தவரே ஆலைக்குத் தேவைப்படுகிறார்.

நிதிக்கான வழி

தகுதியுள்ள திறன் பயிற்சிகளில் சேர்வோருக்கு, 2024-இல் திருத்தப்பட்ட மாதிரித் திறன் கடன் திட்டத்தின் உச்சவரம்பு ரூ. 1.5 லட்சத்திலிருந்து ரூ. 7.5 லட்சமாக உயர்த்தப்பட்டுள்ளது. பயிற்சிக்கூடமோ தானியங்கிச் சேவைப் பிரிவோ தொடங்க விரும்புவோர் முத்ரா திட்டத்தை நாடலாம். அதில் சிசுப் பிரிவில் ரூ. 50,000 வரையும், கிஷோர் பிரிவில் ரூ. 5 லட்சம் வரையும் பிணையின்றிக் கடன் கோரலாம்.

விண்ணப்பத்துடன் கருவிகளுக்கான விலைப்புள்ளியையும், மாதந்தோறும் எத்தனை பேருக்குப் பயிற்சி, என்ன வருவாய் என்ற எளிய கணக்கையும் இணைப்பது நலம். பெரிய இயந்திரத்துக்குக் கடன் கேட்குமுன் சிறிய வரிசையில் கைபழகுங்கள் என்பதே வாடிக்கையாளர்களுக்கு நாம் கூறும் யோசனை. மேசைமேல் நேரும் பிழைக்கு ஆகும் செலவு ஒரு ரிலேயின் விலை. ஆலையில் நேரும் பிழைக்கோ ஒரு நாளின் உற்பத்தியே விலையாகலாம்.